சொன்னால் புரியாதவர்களுக்கு

எழுந்தார். பல் தேய்த்தார். குளித்தார். சட்டையை மேஜையில் விரித்து இஸ்திரி போட்டார். சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டார். நின்றபடியே டீ குடித்தார். ஷூ போட்டார். எல்லாக் காலையும் இப்படித்தான். அன்றைக்கு மட்டும் தலைக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் மகள் இரண்டு கைகளையும் நீட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் அதிகாரம் வந்துவிட்டது.

"அப்பா, யானை வாலை இழுத்தாச்சா?"

"இழுத்தாச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

கையை இறக்கி வழிவிட்டாள். தினமும் நடக்கிற விளையாட்டு. கூடத்துச் சுவரில் ஒரு யானைப் படம்கூட ஒட்டியிருந்தது. வால் உடம்பைவிட நீளம். வயிற்றுக்குக் கீழே கால்கள் இல்லை, சிவப்பு வண்ணம் மட்டும். வரைந்தது மனைவி. நன்றாக வரைகிறவள்தான், யானை மட்டும் இப்படி வந்துவிட்டது. ஒட்டிய அன்றே அவர் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டார். மனைவியின் முயற்சியைக் குறை சொல்கிறவர் இல்லை.

மூவரும் தெருவுக்கு வந்ததும் மனைவி நின்றாள்.

"அச்சச்சோ, குடை."

"மேகமே இல்லையே."

"எதுக்கும் இருக்கட்டும். ஒரு நிமிஷம்."

உள்ளே போய்விட்டு வந்தாள். நேற்று சீப்பு. அதற்கு முன்னால் ஒரு நாள் பேனா. ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு இவ்வளவு மறதி ஆகாது என்று அவருக்குத் தோன்றும். அன்று சொல்லியும் விட்டார்.

"வெளியே வந்தா வந்ததுதான். திரும்பி உள்ளே போகக் கூடாது. எங்க ஆபீஸ்ல இதுதான் முதல் விதி."

"சரிங்க," என்றாள்.

அலுவலகத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். மரியாதையில் வைத்த பெயரில்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை, அதனால். தண்ணீர் வடிகட்டி விற்கிற கம்பெனி அது. மூன்று மாடிக் கட்டடம். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியும் வாத்தியார் தற்காலிகமாகத்தான் இருந்தார்.

தலைக்குள் அடித்த மணி, முந்தின நாள் அடித்த மணி. தீ விபத்து ஒத்திகை. மணி அடித்தால் எல்லோரும் எழுந்து, படியிறங்கி, வாசலில் இருக்கும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. காசாளர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் வேலையைத் தொடர்ந்தார். வரவேற்பு மேஜைப் பெண், மணி ரிப்பேர் என்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தாள்.

மேலாளர் வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை பாதுகாப்புத் துறையிலேர்ந்து அதிகாரி வரார். அவரே மணி அடிச்சுப் பார்ப்பார். எல்லாரும் வெளியே போய் நின்னா உங்க வேலை நிரந்தரம்."

"நிக்கலைன்னா சார்?"

"நீங்க மட்டும் வெளியே போயிடலாம்."

அதனால் செவ்வாய்க்கிழமை வாத்தியார் உரை நிகழ்த்தினார். மூன்றாம் மாடியில் அவருடைய பயிற்சி அறையில், ஜன்னலைச் சாத்தி, எல்லோரையும் உட்காரவைத்து, எட்டு விதிகளையும் விளக்கினார். முதல் விதி, வெளியே வந்தவர் எக்காரணம் கொண்டும் திரும்பி உள்ளே போகக் கூடாது. இரண்டாவது விதிக்கு வரும்போது காசாளர் தூங்கிவிட்டார். ஐந்தாவதற்கு வரும்போது அவரை எழுப்பப் போன கிடங்குக்காரரும் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார்.

"ஏதாவது சந்தேகம்?" என்று கடைசியில் கேட்டார் வாத்தியார்.

"டீ இங்க வருமா, நாங்க கீழே போகணுமா?" என்று கேட்டது பில் போடுகிற அக்கா. முப்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

சாயங்காலம் மனைவி வகுப்புப் பிள்ளைகளின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். வாத்தியார் நாற்காலியில் விழுந்தார்.

"செவிடன் காதுல ஊதின சங்கு. எட்டு விதியும் போச்சு."

"சொன்னா புரியாதவங்களுக்குப் படம் போட்டுக் காட்டணுங்க."

"உன் கிளாஸ்ல அப்படித்தானா?"

"ஒரு ஆள் இருக்கு. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். அப்புறம் படம் வரைஞ்சு ஒட்டினேன்."

"புரிஞ்சுதா?"

"நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

வாத்தியார் சிரித்தார். "மக்குப் பையன் போல."

"மக்கெல்லாம் இல்ல. மத்த விஷயத்துல கெட்டிக்காரன்தான்." பென்சில் முனையை ஊதிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

புதன்கிழமை வாத்தியார் பச்சைக் காகிதத்தில் அம்புக்குறிகள் வெட்டிக்கொண்டு போனார். எல்லோருக்கும் முன்னால் வந்து, வாசலில் ஆரம்பித்து, படிப்படியாக ஒட்டிக்கொண்டே மூன்றாம் மாடி வரைக்கும் ஏறினார். முதுகு வலித்தாலும் மனம் நிறைந்தது. பதினோரு மணிக்கு மணியை அடித்தார்.

இந்த முறை எல்லோரும் எழுந்தார்கள். அம்புக்குறியைப் பார்த்தார்கள். வரிசையாக நடந்தார்கள். கொடிக்கம்பத்தடியில் காத்திருந்த வாத்தியார் காத்துக்கொண்டே இருந்தார். மேலேயிருந்து மேலாளரின் குரல் கேட்டது.

"வாத்தியாரே, உங்க ரூம்ல மூச்சு விட இடமில்ல. அடுத்து என்ன செய்யணும்?"

வாத்தியார் ஒட்டிக்கொண்டு போன திசையில்தான் எல்லா அம்புகளும் இருந்தன. கீழே இருந்து மேலே. தீப்பிடித்தால் மொத்த அலுவலகமும் மொட்டை மாடிக்குக் கீழே போய் அடைய ஏற்பாடு செய்திருந்தார்.

"வாத்தியார் நம்மளை நேரா மேலே அனுப்பப் பார்க்கிறார்," என்றார் கிடங்குக்காரர்.

அன்று சாயங்காலம் மனைவி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

"படம் வேலைக்காகலைன்னா நடிக்க வைக்கலாம். இல்ல, விளையாட்டா ஆக்கிடலாம்."

"அந்தப் பையனுக்கு எதைச் செஞ்சே?"

"விளையாட்டுதான். தினமும் கேள்வி கேக்க ஒரு ஆளைப் போட்டேன்."

"பதில் சொல்றானா?"

"பதில் மட்டும் சரியாச் சொல்றான்."

இரண்டையும் செய்துவிடுவது என்று வாத்தியார் முடிவு செய்தார்.

வியாழன் காலை நாடகம். ஆளுக்கு ஒரு வேடம். காசாளருக்குப் புகையில் மயங்கி விழுகிறவர் வேடம். அவரைத் தூக்கிவந்து காப்பாற்றுகிறவர் கிடங்குக்காரர். வரவேற்புப் பெண் பதறி அலறுகிறவள். பில் அக்காவுக்குப் புத்தி கெட்டுப்போய்க் கைப்பையை எடுக்க உள்ளே ஓடுகிறவர் வேடம். எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று காட்டத்தான் இந்தக் கடைசி இரண்டு வேடங்களும். அதை மட்டும் வாத்தியார் சொல்ல விட்டுப்போனது.

ஒன்பது மாதத்தில் முதல் முறையாக ஒருவரும் தூங்கவில்லை. மயங்குவதற்கு மட்டும் நான்கு பேர் போட்டி போட்டார்கள். காசாளர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் சரிந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடினார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. வரவேற்புப் பெண் அலறியதில் தெருவில் போன ஒருவர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். பில் அக்கா முதல் முறை ஓடியதில் திருப்தி இல்லை என்று இன்னொரு முறை ஓடிக் காட்டினார்.

மதியம் விளையாட்டு. இரண்டு அணி. மணி அடித்ததும் முதலில் கொடிக்கம்பத்தைத் தொடுகிற அணிக்குப் பெரிய சாக்லேட் டப்பா. மணி எப்போது அடிக்கும் என்று சொல்லமாட்டேன் என்றார் வாத்தியார். அதனால் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து இரண்டு அணியும் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டன. போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. வடிகட்டி வாங்க வந்த ஒருவர் எதிரணி ஆள் என்று சந்தேகிக்கப்பட்டு நிறுத்தப்பட்டார்.

மேலாளர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார்.

"வாத்தியாரே, போதும். இனிமே ஒரு பயிற்சியும் வேண்டாம். நாளைக்கு வரைக்கும் யாருக்கும் எதுவும் கத்துக்கொடுக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

வாத்தியார் அன்றைக்குச் சோர்ந்துதான் வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றி வைத்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பையனைக் கடைசியா என்ன பண்ணினே?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "விட்டுட்டேன். அவன் செய்ய வேண்டியதை நானே செஞ்சிடறேன்."

வாத்தியாருக்குச் சோர்வு பறந்துவிட்டது. தொழில் விஷயம்.

"ரொம்பத் தப்பு. நீயே செஞ்சுட்டிருந்தா அவன் எப்பக் கத்துக்குவான்?"

"எனக்கும் தெரியும். என்ன பண்றது?"

"ஒரு நாள் விட்டுப் பாரு. பட்டாத்தான் புத்தி வரும்."

"பட்டா வீடு தாங்காதுங்க," என்றாள் மனைவி. வீடா, வகுப்பா என்று வாத்தியார் கேட்கவில்லை. அவர் கவனம் நாளைக்குப் போய்விட்டது. காப்பாற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ள ஆரஞ்சு நிற மேல்சட்டைகள் வரவழைத்திருந்தார். பார்சலில் கசங்கி, சுருண்டு வந்து சேர்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை எழுந்தார். பல் தேய்த்தார். குளித்தார். சட்டையை இஸ்திரி போடவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேல்சட்டைகளோடு சேர்த்துத் தன் சட்டையையும் அலுவலகத்திலேயே தேய்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"அங்க பார்த்து, ஞாபகமா இருங்க," என்றாள் மனைவி.

"இன்னிக்கு எனக்கா சொல்றே?" என்றார் வாத்தியார்.

அன்று மகள் வழி மறிக்கவில்லை. பையை மட்டும் கவலையோடு பார்த்தாள். தெருவுக்கு வந்த பிறகு மனைவிக்கு எதுவும் மறந்துபோகவும் இல்லை. திரும்பி உள்ளே போகவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

'பார்த்தாயா, திருத்தமாகச் சொன்னால் யாருக்கும் புரியும்' என்று நினைத்துக்கொண்டார்.

பயிற்சி அறையில் எல்லா மேல்சட்டைகளையும் தேய்த்து அடுக்கினார். தன் சட்டையையும் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அதிகாரி வந்துவிட்டார் என்று கீழேயிருந்து குரல் வந்தது. இறங்கி ஓடினார்.

அதிகாரி சாது. மேலாளர் அறையில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தார். "இதை முடிச்சிட்டு மணி அடிக்கலாம்," என்றார்.

மணி அடித்தது.

அதிகாரி கையிலிருந்த டீயைப் பார்த்தார். "நான் இன்னும் எந்திரிக்கவே இல்லையே."

"எங்க ஆளுங்களுக்கு ஆர்வம் ஜாஸ்தி சார்," என்றார் வாத்தியார். "யாரோ முந்திட்டாங்க. வாங்க, பார்க்கலாம்."

மூவரும் வெளியே போய்க் கொடிக்கம்பத்தடியில் நின்றார்கள். உள்ளே கிடங்குக்காரரின் குரல் கேட்டது.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அதிகாரி வந்தாச்சு. எல்லாரும் எந்திரிங்க."

எந்திரித்தார்கள். ஒரு வாரமாகக் கற்றது எதையும் மறக்கவில்லை. எதை முதலில் செய்வது என்பதுதான் குழப்பம். சாக்லேட்டை நினைத்தவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் கிழிக்க மறந்துபோன ஒரு பச்சை அம்பைப் பார்த்த இரண்டு பேர் மேலே ஏறினார்கள். நடுவில் படித் திருப்பத்தில் காசாளர் மயங்கிக் கிடந்தார். தலைக்கு ஒரு சின்ன மெத்தை கொண்டுவந்திருந்தார்.

"சார், கொஞ்சம் நகர்ந்து மயங்குங்க. வழி அடைச்சிருக்கு."

"ஒத்திகையில இங்கதான் மயங்கினேன்," என்றார் காசாளர், கண்ணைத் திறக்காமல்.

கிடங்குக்காரர் அவரைத் தோளில் போட்டுப் பார்த்தார். தூக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வரவேற்புப் பெண் வாசலில் நின்று அதிகாரியை நேராகப் பார்த்து அலறினாள். அதிகாரி ஓர் அடி பின்னால் போனார். இரண்டாவது முறை அலறினாள், முதலில் அலறியது சுமார் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பில் அக்கா கொடிக்கம்பம் வரைக்கும் வந்து, தலையில் கை வைத்து, "ஐயோ, என் கைப்பை," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். மயங்கியவரைத் தாண்டி மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.

"வாத்தியாரே, உங்க ரூம்ல புகை வருது."

"இவங்க நல்லா செய்யறாங்க," என்றார் அதிகாரி.

வாத்தியார் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "அவங்க வசனத்துல புகை கிடையாது சார்."

"நிஜமாவே புகை. புகை பட்டு மணி தானா அடிச்சிருக்கு."

"சொந்தமாச் சேர்த்துக்கறாங்க," என்றார் வாத்தியார்.

ஜன்னலில் அக்கா இல்லை. அதற்குப் பிறகு அங்கே வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு சுருள். அதிகாரி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். மேலாளர் ஓடினார். படியில் காசாளர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மெத்தையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்து நின்றார்.

பெரிய சேதம் இல்லை. ஆரஞ்சு மேல்சட்டைகள் போயின. மேஜை பாதி கருகியது. பில் அக்கா ஒரு கையில் கைப்பையோடும் மறுகையில் வயரைப் பிடித்துத் தொங்கவிட்ட இஸ்திரிப் பெட்டியோடும் இறங்கி வந்தார். முகத்தில் கரி.

"சட்டை மேல குப்புறக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிட்டு, மாதிரிக்கு வச்சிருந்த வடிகட்டித் தண்ணி முழுசும் ஊத்திட்டேன்."

"நல்ல வேளை நீங்க திரும்பிப் போனீங்க," என்றார் அதிகாரி. "இல்லைன்னா மூணாவது மாடியே போயிருக்கும்."

"இருந்தாலும், வெளியே வந்தவர் உள்ளே போகக் கூடாது சார்," என்றார் வாத்தியார். "முதல் விதி."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

மேலாளர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். "இது யாரோடது?"

"என்னோடதுதான் சார். ஆனா நான் பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் வந்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

வாத்தியார் யோசித்தார். பிடுங்கியது ஞாபகமில்லை. ஆனால் ஒரு நாளும் அது ஞாபகம் இருந்ததில்லை. பழகிய கை தானாகச் செய்கிற காரியம்.

"சார், கல்யாணம் ஆனதுலேர்ந்து தினமும் காலையில நான்தான் இஸ்திரி போடறேன். சாயங்காலம் போனா பிளக் வெளியேதான் இருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் மாறினதில்ல. என் மனைவி டீச்சர், அவளையே கேளுங்க. நான் போனப்புறம் யாரோ திரும்பச் சொருகியிருக்கணும்."

மேலாளர் ஊழியர்களைச் சுற்றிப் பார்த்தார். கிடங்குக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாடியில் உட்காருகிறவர் பில் அக்கா. எல்லோருடைய பார்வையும் கரி படிந்த அவர் முகத்தில் போய் நின்றது.

"நல்லாருக்கு கதை. நெருப்பை அணைச்சவதான் வச்சவளா?" என்றார் அக்கா.

அதிகாரிதான் வழி சொன்னார். "திங்கட்கிழமை விசாரிங்க. சொருகினது வேற யாராவதுன்னா அவங்க மேல நடவடிக்கை. இவர் வீட்ல எப்படின்னு இவர் மனைவி சொல்லட்டும். டீச்சர்ங்கறீங்க, பொய் சொல்லமாட்டாங்க."

"அவங்க சொல்லிட்டா உங்க வேலை நிரந்தரம்," என்றார் மேலாளர். "சொல்லலைன்னா, உங்களுக்கே தெரியும்."

வாத்தியார் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். இவ்வளவு சுலபமான சாட்சி யாருக்குக் கிடைக்கும்? இஸ்திரிப் பெட்டியைத் துண்டிலிருந்து எடுத்து மேஜையில், யானைப் படத்துக்கு நேர்கீழே வைத்தார். அடிப்பாகம் கரியாக இருந்தது. வயர் மேஜையிலிருந்து தொங்கியது. மனைவி அதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வாத்தியார் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மயக்கம், அலறல், பில் அக்கா, அதிகாரி.

"திங்கட்கிழமை நீ ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். வீட்ல ஒரு நாளாவது நான் பிளக்கைப் பிடுங்காம வந்திருக்கேனா? நீயே சொல்லு."

மனைவி வயரிலிருந்து கண்ணை எடுத்தாள். ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவளுக்கு நிஜம் சொல்லவும் மனம் வரவில்லை என்பதுபோல இருந்தது.

அதற்குள் மகள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து எக்கிப் பார்த்தாள். தொங்கிய வயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பிக் கேட்டாள்.

"யானை கருகிப்போச்சே. அம்மா மாதிரி தினமும் திரும்பி உள்ளே போய் வாலை இழுக்க, ஆபீஸ்ல யாரும் இல்லையாப்பா?"